பங்குனி முடிவதற்குள்

ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரச் சேர்த்தி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலை பத்து மணிக்கே வடக்கு உத்தர வீதியில் நிழல் சுவரோரமாக ஒடுங்கிவிட்டது. ஒரு வீட்டு வாசலில் பைக் வந்து நிற்கிறது. பின்னால் இருக்கும் பையனின் தோளில் மடக்கு ஏணி. முன்னால் டேங்க் மேல் நீல வாளி. அதற்குள் சுருட்டிய ஓஸ் பைப், சின்ன பிரஷர் பம்பு, ஸ்க்ரூ டிரைவர்கள், பழைய வேட்டித் துணி. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். செருப்பைத் திண்ணையடியில் கழற்றிவிட்டு ரேழியில் நின்று, "பாட்டிம்மா, ஏசி சர்வீஸ்" என்று குரல் கொடுக்கிறார்.

அந்த வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளியாக மாடி அறையின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நடந்தது முழுவதையும் பார்க்கக் கிடைத்தது.

சின்ன அறை. கட்டில், புத்தக அலமாரி. அலமாரியின் கீழ்த்தட்டில் நெபுலைசர் மெஷின், பக்கத்தில் இரண்டு இன்ஹேலர்கள். ஒன்று பாட்டிக்கு, ஒன்று மூன்றாம் வகுப்பு படிக்கும் பேரனுக்கு. தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னாராம். அதற்காகத் திரைச்சீலையைக் கழற்றியாகிவிட்டது. பஞ்சு பொம்மைகளை யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. மெத்தைக்கு வாரம் ஒரு முறை வெயில் காட்டுகிறார்கள். அத்தனையும் செய்த வீடுதான். ஏசிக்காரரைக் கூப்பிட்ட காரணம் மட்டும் வேறு.

"கொஞ்ச நாளா உள்ள சொட்டறதுப்பா. தலகாணி நனைஞ்சு போறது."

"எப்பம்மா கடைசியா சர்வீஸ் பண்ணது?"

பாட்டி மருமகளைப் பார்க்கிறாள். மருமகள் யோசிக்கிறாள். போன வருஷம் இல்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை போலிருக்கிறது.

மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. கீழே போய் ஏசியின் மெயினை அணைத்துவிட்டு வருகிறார். ஏணியில் ஏறி முன் மூடியைத் தூக்கி இரண்டு ஃபில்டர்களையும் உருவி எடுக்கிறார். வலை தெரியவில்லை. கம்பளி ஒட்டியதுபோல் சாம்பல் நிறத்தில் தூசி தடித்துப் படர்ந்திருக்கிறது. பையன் இரண்டையும் கையில் ஏந்தி, ஆட்டாமல் அசைக்காமல் குளியலறைக்குக் கொண்டுபோகிறான். அந்த நிதானத்தை யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். வாசற்படியில் தட்டியிருந்தால் அத்தனை தூசியும் திரும்ப அறைக்குள்ளேயே இறங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எல்லா வீட்டாரும் ஒரு முறையாவது நின்று பார்க்க வேண்டும். இண்டோர் யூனிட்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறையைக் கட்டுகிறார். உறையின் வால் வாளிக்குள் இறங்குகிறது. முன்பக்கத் தகடுகளைத் திருப்பி டார்ச் அடிக்கிறார். உள்ளே உருளையாகச் சுற்றும் புளோயரின் ஒவ்வொரு இதழிலும் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. பம்பு உறுமுகிறது. தண்ணீர் காயிலில் பீறிட்டுப் புளோயருக்குள் போய்த் திரும்பி வாளியில் விழுகிறது. முதலில் பழுப்பு, அப்புறம் கறுப்பு. புளோயரைக் கையால் ஒரு சுற்றுத் தள்ளி மறுபடி அடிக்கிறார். மறுபடி கறுப்பு. பையன் வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வருகிறான். மூன்றாவது வாளியில்தான் தண்ணீர் தண்ணீராகத் தெரிகிறது.

பாட்டி கட்டில் விளிம்பைப் பிடித்தபடி எட்டிப் பார்க்கிறாள்.

"இத்தனை நாளா இதையா மூச்சு இழுத்துண்டிருந்தோம்?"

"ஆமாம் பாட்டிம்மா. உள்ள எப்பவும் ஈரம், இருட்டு. மேல தூசி வேற. இது வளராம என்ன பண்ணும்?"

ஒரு புத்தகப் பக்கம் எடுத்துக்கொண்டு விளக்கவேண்டியதை அவர் மூன்றே சொற்றொடரில் சொல்லிவிட்டார். அறைக்காற்று குளிர்ந்த காயிலில் படும்போது அதிலிருக்கும் ஈரம் சொட்டுகளாகிறது. கீழே இருக்கும் தட்டில் விழுந்து டிரெயின் பைப் வழியாக வெளியே போகிறது. ஃபில்டர் அடைத்தால் காற்றோட்டம் குறைந்து காயிலில் ஐஸ் கட்டும். ஏசியை நிறுத்தியதும் அந்த ஐஸ் உருகி வழியும். டிரெயின் பைப்பில் பாசி அடைத்தால் தட்டு நிரம்பித் தலையணையில் சொட்டும். சொட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆளைக் கூப்பிடுகிறோம். அதே ஈரத்தில் வளர்ந்த பூஞ்சையின் வித்துகள் ராத்திரி முழுக்கக் காற்றோடு முகத்தில் அடிப்பது தெரிவதில்லை. ஆஸ்துமா உள்ளவருக்கு அந்த வித்துகளும் தூசிப்பூச்சியின் எச்சமும் போதும், மூச்சு இறுகிப்போகும். இன்ஹேலரைக் கூடுதலாக ஒரு முறை அழுத்துகிறோம். பனி ஒத்துக்கொள்ளவில்லை, தயிர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோம். தலைமாட்டுக்கு மேலே இருக்கும் பெட்டியைப் பார்ப்பதில்லை.

பம்பு அடித்துக்கொண்டிருக்கும்போது பையன் இரண்டு முறை இருமினான். மூத்தவர் தோள் துண்டை எடுத்து அவன் முகத்தை நோக்கி வீசினார். அவன் அதை மூக்கில் கட்டிக்கொண்டான். மூத்தவர் மூக்கில் ஒன்றும் இல்லை. ஒரு கோடையில் எத்தனை வீட்டுப் பூஞ்சையை இவர் சுவாசிப்பார் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

எல்லாவற்றையும் மாட்டி மெயினைப் போட்டார். காற்று வந்தது. பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ரிமோட்டை எடுப்பதற்கு முன்பே மருமகள் எடுத்து 18-இல் வைத்தாள்.

"பதினெட்டு வேணாங்கம்மா. இருபத்தி நாலுல வெச்சு ஃபேன ஒண்ணுல ஓட விடுங்க. பாட்டிம்மாவுக்கும் அதான் நல்லது."

2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீட்டோடு இந்தியாவில் விற்கும் அறை ஏசிகள் 24 டிகிரியையே தொடக்க அளவாகக் கொண்டு வர வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அலுவலகத்தின் கணக்கு. ஃபில்டரின் அழுக்கும் மீட்டரைத் தள்ளும். அழுக்கு ஃபில்டரை மாற்றுவதால் மட்டுமே 5 முதல் 15 சதவீதம் வரை செலவு குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும் ஊர் இது. பல வீடுகளில் அந்த பயத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஏசியை நிறுத்துகிறார்கள்; மூன்று மணிக்குக் குழந்தை வியர்த்து எழுந்து அழுகிறது. ஃபில்டரும் காயிலும் சுத்தமாக இருந்தால் அதே யூனிட்டில் இன்னும் சற்று நேரம் ஓட்டலாம்.

மெக்கானிக் கிளம்பும்போது சொன்னது ஒன்று உண்டு. அதைச் சொல்ல அவருக்குக் காசு கிடையாது. மூடியிருந்த ஜன்னலை அவரே போய்த் திறந்தார்.

"இது வெளிக்காத்த உள்ள கொண்டுவராது பாட்டிம்மா. இருக்கற காத்தையே சுத்திச் சுத்திக் குளுத்தும். காலைல ஒரு அர மணி நேரம் இதத் தொறந்து வைங்க."

ஸ்பிளிட் ஏசி உள்ள அறையில் நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் அவர்கள் விட்ட மூச்சே அந்த அறையில் சேர்ந்துகொண்டு வரும். காலையில் தலை கனப்பதற்கு அதுவும் காரணம். ஒருவருக்குச் சளி என்றால் நாலு பேருக்கும் வருவதற்கும் அது ஒரு வழி. குளிர்ச்சியையும் புதுக்காற்றையும் நாம் ஒன்றாகவே நினைத்துவிட்டோம். இரண்டும் வேறு.

கீழே இறங்கி வந்தால் கூடத்துக்கு நடுவே முற்றம். முற்றத்துக்கு மேலே ஃபைபர் ஷீட். மழைக்காகவும் குரங்குக்காகவும் போட்டது. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் குறுகலாக, நீளமாக, ரயில் பெட்டி நீளத்துக்குக் கொல்லை வரை போகும். பக்கச் சுவர்கள் அடுத்த வீட்டோடு ஒட்டியிருக்கும். அங்கே ஜன்னல் வைக்க வழியில்லை. அதனால்தான் நடுவில் வானத்தைத் திறந்து வைத்தார்கள். சூடேறிய காற்று முற்றம் வழியாக மேலே போகும். வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று உள்ளே வரும். அந்த வாயை மூடியதும் வீடு புழுங்குகிறது. புழுங்குவதால் ஏசி. ஏசிக்காக மீதியிருக்கும் ஜன்னலையும் அடைக்கிறோம். ஷீட்டை ஓரடி உயர்த்தி, பக்கத்தில் கம்பி வலை அடித்த வீடுகள் இரண்டை அதே வீதியில் பார்த்தேன். குரங்கும் வராது, காற்றும் நிற்காது. செய்யக்கூடிய வேலைதான்.

இந்த ஊரில் குளிர்ச்சிக்கென்று ஒரு நாள்காட்டியே இருந்திருக்கிறது, இன்றும் இருக்கிறது. ரங்கநாதர் கோயிலில் சித்திரைத் தேரைத் தொட்டு வெளிக்கோடை, உள்கோடை என்று பூச்சாற்று உற்சவம் வருகிறது. அப்புறம் வசந்த உற்சவம். பெருமாளுக்குக் கோடை வருவதற்கு முன்பே யார் எதைச் செய்ய வேண்டும் என்று முறை வைத்திருக்கிறார்கள். வீடுகளிலும் முறை இருந்தது. கத்திரி தொடங்குவதற்கு முன்பே மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு. புதுப் பானை, அதைத் தாங்க ஆற்று மணல். ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி, மாலையில் அதற்குத் தண்ணீர் தெளிக்க ஒரு ஆள். ஏசி வந்த பிறகு பல வீடுகளில் இந்த முறை போய்விட்டது. பொத்தானை அழுத்தினால் குளிரும் பொருளுக்கு ஒரு பருவ வேலை உண்டு என்பது யார் மனதிலும் நிற்கவில்லை.

காவிரிப் பாலம் தாண்டித் திருச்சிக்குள் வந்தால் வேறு வகை வீடுகள், வேறு வகைக் குளிர்ச்சி. உறையூரில் ஒரு சந்து. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை வீடுகள். ஒரு வாசலில் காக்கிக் கோட்டு போட்ட பெண் ஒருவர் நிற்கிறார். கையில் டார்ச், தோளில் பை. மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர். டிரம்மைத் திறந்து டார்ச் அடிக்கிறார், மூடுகிறார். ஃபிரிட்ஜைச் சற்று இழுக்கச் சொல்லிப் பின்னால் இருக்கும் தட்டைப் பார்க்கிறார். கடைசியில் ஏர் கூலரின் பக்கத் தட்டியைக் கழற்றச் சொல்கிறார்.

"ராத்திரி மட்டுந்தான் போடறோம்கா. தெனம் தண்ணி ஊத்தறோமே, பழைய தண்ணி இல்ல."

டார்ச் ஒளியில் தண்ணீருக்குள் கொசுப்புழுக்கள் நெளிகின்றன.

"ஊத்தறீங்க சரி. எப்ப கவுத்தீங்க?"

வீட்டுப் பெண் பதில் சொல்லவில்லை. தொட்டிலில் குழந்தை தூங்குகிறது. சேலைத் தூளி. கூலரின் வாய் நேராக அதன் பக்கம் திரும்பியிருக்கிறது. வீட்டில் இருக்கும் ஒரே குளிர்ச்சியைத் தாய் முழுவதுமாகக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறாள்.

டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டுக்குள் நாம் வைத்திருக்கும் தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடக்கும். அடுத்த கோடையில் கூலரை எடுத்துத் துடைத்துத் தண்ணீர் ஊற்றியதும் பொரிக்கும். பொரித்துக் கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் அந்தப் பெண் கவிழ்க்கச் சொன்னதோடு விடவில்லை. தேங்காய் நார் கேட்டு வாங்கி, தொட்டியின் உள்சுவரை நாலு பக்கமும் அவரே தேய்த்துக் காட்டினார்.

"வாரத்துல ஒரு நா. ஞாயித்துக்கெழமைன்னு வெச்சுக்குங்க. கவுத்து, தேச்சு, வெயில்ல காய வெச்சுட்டுத்தான் அடுத்த தண்ணி. போர் தண்ணி ஊத்தாதீங்க, பேடுல உப்புப் படிஞ்சுரும். அப்புறம் காத்தே வராது."

தேய்த்து முடித்து நிமிர்ந்தபோது அவருடைய கோட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். நாள் முழுக்க வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவருக்குக் கதவைத் திறக்காத வீடுகளும் உண்டு. "இப்பத்தான் ஆள் வந்துட்டுப் போச்சு" என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்புகிறார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் கூலரிலிருந்து பறக்கும் கொசு தெரு முழுவதற்கும் போகும். கதவைத் திறக்க வேண்டும். இதில் வேறு பேச்சு இல்லை.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. கூலர் ஓடும்போது ஜன்னலையும் கதவையும் சாத்தியிருந்தார்கள். கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர வைக்கிறது. அந்த ஈரக்காற்று வெளியே போக வழி வேண்டும். ஏசியைப்போலச் சாத்தி வைத்தால் அரை மணியில் அறை பிசுபிசுக்கும், வியர்வை காயாது, பூஞ்சை சுவரேறும். ஜன்னலை முதுகுக்கு வைத்து எதிர்க்கதவைத் திறந்துவிட்டால் சித்திரை, வைகாசியின் வறண்ட மதியத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஐப்பசி மழையில் அதற்கு வேலையில்லை. அப்போது காயவைத்து மூடி வைப்பதுதான் முறை.

அந்தச் சந்தின் கடைசி வீட்டு மாடியில் இருவர் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊறவைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து, தென்னந்துடைப்பத்தால் இழுத்து இழுத்துத் தடவுகிறார்கள். வெயிலில் கண் கூசுகிறது. வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கீழே அறையில் இரண்டு மூன்று டிகிரி குறையும். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டபோது, வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 2013-இல் அந்த மாநகராட்சி தெற்காசியாவிலேயே முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. பின்னால் ஏழை வீடுகளின் கூரைக்கு வெள்ளையடிப்பதையும் அதில் சேர்த்துக்கொண்டது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நிவாரணம் இருக்கட்டும், தகரத்துக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் கீழே படுக்கும் குடும்பங்களுக்குப் பங்குனியிலேயே ஒரு வாளிச் சுண்ணாம்பு போய்ச் சேர்ந்தால் அதன் பயன் பெரிது. திருச்சி மாநகராட்சி வார்டு வார்டாக இதைச் செய்யலாம்.

பாலக்கரைப் பக்கம் காயில் கட்டும் கடையில் வரிசையாக ஃபேன்கள் தலைகீழாகக் கிடந்தன. பெரும்பாலும் கெப்பாசிட்டர் தளர்ந்தவை. மெதுவாகச் சுற்றுகிறது என்று ஒரு வருஷம் பொறுத்துக்கொண்டு கோடை வந்ததும் தூக்கி வருகிறார்கள். சில நிமிட வேலை. றெக்கையின் முனையில் கறுப்பு விளிம்பாகத் தூசி. அதைத் துடைக்க ஈரத்துணி போதும், கீழே படுக்கையில் பழைய சேலை விரித்துக்கொண்டு. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறை 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் மட்டும் காப்பாற்றாது, சுடுகாற்றைத்தான் மேலே தள்ளும். அவர்களுக்கு வியர்வையும் குறைவு, தாகமும் குறைவு. ஈரத்துணியால் கை கால் துடைத்துவிட வேண்டும். கேட்காமலே தண்ணீர் கொடுக்க வேண்டும்.

சூடேற்றும் கருவி இந்த ஊரில் ஒன்றே ஒன்று, வெந்நீர் கீசர். மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக்கு முன்னால், அதற்கும் ஒரு பார்வை வேண்டும். கீசருக்குள் உப்புப் படிகிறது. எர்த் வயர் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை ஒரு தடவை பார்க்கச் சொல்ல வேண்டும். கேஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிக்கப் போனவரை மயக்கிக் கொல்லும்.

சாயங்காலம் தில்லைநகரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாவது மாடிக்கு வெளியே, சன்ஷேடு மேல் ஒரு இளைஞன் நிற்கிறான். ஏசி சர்வீஸ் கடையொன்றின் பனியன். ஒரு கால் சன்ஷேடில், ஒரு கால் அவுட்டோர் யூனிட்டின் இரும்புச் சட்டத்தில். இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறான். வலது கையால் கண்டென்சரின் தகட்டில் அடைந்த தூசியை பிரஷால் தட்டுகிறான். இடுப்பில் கயிறு இல்லை. பெல்ட் இல்லை. கீழே கார்கள். உள்ளேயிருந்து ஒரு குரல், "தம்பி, இன்னும் எவ்ளோ நேரம்?" என்கிறது. "அஞ்சு நிமிசம் சார்." ஐந்து நிமிடத்துக்கு மேலாகவே ஆனது. அவன் ஜன்னல் வழியாகக் காலை உள்ளே வைக்கும்வரை தெருவில் நின்றுகொண்டிருந்தேன். எதிர் டீக்கடையில் இருந்த இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடும்பத்தின் உடம்புக்காகத்தான் இதையெல்லாம் செய்கிறோம். சன்ஷேடில் நிற்கிறவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. புதிதாக ஏசி வாங்குகிறவர்கள் அவுட்டோரை ஆள் நிற்கக்கூடிய பால்கனியிலோ மொட்டை மாடியிலோ மாட்டச் சொல்லுங்கள். செம்புக் குழாய் நாலு அடி கூடப் போகும். அந்தக் காசைக் கொடுங்கள். ஏற்கெனவே வெளிச்சுவரில் மாட்டியிருந்தால், ஜன்னல் ஓரச் சுவரில் பெல்ட் மாட்ட ஒரு நல்ல கொக்கி அடித்து வையுங்கள். பெல்ட் இல்லாமல் வரும் ஆளை வெளியே இறங்க விடாதீர்கள். சேவை செய்யும் கடைகள் பெல்ட்டும் முகக்கவசமும் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள்.

வீட்டு வேலை உங்களுடையது. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உருவிக் குழாயடியில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். பத்து நிமிடம், ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். கூலரை வாரம் ஒரு நாள் கவிழ்த்துத் தேயுங்கள். மெக்கானிக்கை மாசியிலேயே கூப்பிடுங்கள். சித்திரை பிறந்துவிட்டால் அவர் ஒரே நாளில் பத்து வீடு ஏற வேண்டியிருக்கும். புளோயரை மூன்று வாளி கழுவ அப்போது அவருக்கு நேரமிருக்காது.